மறைத்துக் கட்டிய ஆன்டெனா, ஐந்து வாட் அலைபரப்பி: அறிகுறியைக் கொண்டு பழுதைத் தேடும் முறை

அமெரிக்கப் புறநகர்களில் புதிதாக எழுந்த குடியிருப்புகள் பலவற்றில், வீடு வாங்கும் நாளிலேயே குடியிருப்போர் சங்கத்தின் நிபந்தனைகளுக்கும் சேர்த்துக் கையெழுத்திடுகிறோம். வேலியின் உயரம், கதவின் நிறம், குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும் நேரம் ஆகியவற்றுக்கிடையே ‘வெளிப்புற ஆன்டெனா கூடாது’ என்ற ஒரு வரியும் அந்தப் பத்திரத்தில் இருக்கும். ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வைத்திருப்பவர் அந்த வரியைப் பெரும்பாலும் வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் படிக்கிறார். டெக்சஸில் டல்லாஸுக்கு வடக்கே நான் வாங்கிய வீட்டிலும் அதுவே நடந்தது. அன்று முதல் கூரைப்பரணிலும், ஓக் மரத்திலும், மழைநீர்த் தகரத்திலும் கம்பியை ஒளித்து வைத்து, ஐந்து வாட் கருவியோடு இயங்கி வருகிறேன். மோர்ஸில் 5 வாட்டுக்கு உட்பட்ட இயக்கத்தையே நாம் கியூஆர்பி என்கிறோம். குரலுக்கு 10 வாட் உச்சம் என்பது வழக்கம்.

இத்தகைய நிலையத்தில் பழுது தேடுவதற்கும், கோபுரத்தின் மேல் நிற்கும் ஆன்டெனாவில் பழுது தேடுவதற்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. கோபுரத்தில் ஆன்டெனா வேறு, வீடு வேறு. நம்முடைய நிலையத்தில் வீட்டின் மின்கம்பி, ஏசி குழாய், கூரையின் அடியில் ஒட்டிய அலுமினியத் தாள், கோஆக்ஸ் கேபிளின் வெளித்தோல் ஆகிய எல்லாமே ஆன்டெனாவின் உறுப்புகளாகிவிடுகின்றன. ஆகவே அறிகுறி ஓரிடத்திலும் நோய் வேறோர் இடத்திலும் இருக்கும். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திறன் திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் ஒன்றையே நம்பிக் கம்பியை வெட்டிக்கொண்டே போனவர்கள், கடைசியில் குட்டையான கம்பியோடும் அதே பழுதோடும் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படி நின்றவன்தான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், முதலில் நிலையத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, 50 ஓம் டம்மி லோடை, அதாவது திறனை வெளியே பரப்பாமல் வெப்பமாக்கிவிடும் மின்தடையை, கருவியின் பின்புறமே மாட்டி, திறன் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பல சிறு கருவிகள் 13.8 வோல்ட்டில் ஐந்து வாட் தந்தாலும், பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கியதும் குறைவாகவே தரும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே டம்மி லோடைக் கேபிளின் மறுமுனையில், அதாவது ஆன்டெனா இணையும் இடத்தில், மாட்டி மீண்டும் அளந்து பாருங்கள். ஆர்ஜி-174 போன்ற மெல்லிய கேபிள் 10 மீட்டர் நீளத்தில், 14 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபெலுக்குச் சற்று அதிகமாகவே விழுங்கிவிடும். ஐந்து வாட் போட்டால் ஏறக்குறைய நான்கு வாட் தான் மறுமுனைக்குப் போய்ச் சேரும். அதைவிட மிகுதியாகக் குறைந்தால் கேபிளிலோ அதன் கனெக்டரிலோ கோளாறு இருக்கிறது. ஆன்டெனாவைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

எஸ்டபிள்யூஆர் அருமையாக இருக்கிறது. ஆனால் யாருக்கும் கேட்கவில்லை

இதுவே அதிகம் ஏமாற்றும் அறிகுறி. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டம்மி லோடின் எஸ்டபிள்யூஆர் 1:1 என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மீட்டர் சொல்வதெல்லாம், அனுப்பிய திறன் திரும்பி வரவில்லை என்பது மட்டுமே. அது வானுக்குப் போயிற்றா, பரணில் வெப்பமாகிப் போயிற்றா என்பது மீட்டருக்குத் தெரியாது.

முதலில் ‘யாருக்கும் கேட்கவில்லை’ என்பது உண்மைதானா என்று பாருங்கள். 14.060 மெகாஹெர்ட்ஸில் உங்கள் அழைப்புக் குறியோடு மூன்று நான்கு முறை மோர்ஸில் சிக்யூ என்ற பொது அழைப்பை அனுப்பிவிட்டு, காதில் விழுந்த குறிகளை இணையத்தில் பட்டியலிடும் ரிவர்ஸ் பீகன் நெட்வொர்க்கில் உங்கள் குறியைத் தேடுங்கள். கணினி வழி இயங்கும் எஃப்டி8 முறையைப் பயன்படுத்துபவர்கள் 14.074இல் சில முறை அழைத்துவிட்டு அதே போன்ற பிஎஸ்கே ரிப்போர்ட்டர் தளத்தைப் பார்க்கலாம். நீங்கள் எத்தனை பேரைக் கேட்டீர்கள், உங்களை எத்தனை பேர் கேட்டார்கள் என்ற இரண்டு எண்ணிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நீங்கள் நிறையப் பேரைக் கேட்டு, உங்களை வெகு சிலரே கேட்டிருந்தால் அனுப்பும் பக்கத்தில் இழப்பு இருக்கிறது. உங்களைப் பலர் கேட்டும் உங்களுக்கு யாரும் கேட்கவில்லையென்றால் பழுது இரைச்சலில் இருக்கிறது. அதற்கான பகுதி அடுத்து வருகிறது. ஒப்பிடும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: நூறு வாட்டுக்கும் ஐந்து வாட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 13 டெசிபெல், அதாவது குறியின் வலிமையைக் காட்டும் எஸ் அளவில் இரண்டு புள்ளிகளுக்குச் சற்று மேல். நூறு வாட்காரர் எஸ்7 ஆகக் கேட்கும் இடத்தில் நீங்கள் எஸ்5 ஆகவாவது கேட்க வேண்டும். மூன்று நாட்கள் முயன்றும் ஒருவருக்கும் கேட்கவில்லையென்றால், குறைந்த திறன்தான் காரணம் என்று சொல்லித் தேற்றிக்கொள்வதில் பொருளில்லை.

இழப்பு இருப்பது உறுதியானால், கேபிளை முதலில் சந்தேகியுங்கள். ஒரு வழியில் 3 டெசிபெல் இழக்கும் கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும், கருவியின் பக்கத்தில் மீட்டர் 3:1 என்றுதான் காட்டும்; ஏனென்றால் திரும்பி வரும் அலையும் அதே 3 டெசிபெலை இழந்துதான் வருகிறது. மெல்லிய கேபிளை 15, 20 மீட்டர் நீளத்துக்குச் சுவருக்குள் ஓட்டி 28 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவர்களுக்கு நேர்வது இதுவே. மறைப்பதற்கு வசதி என்று நூல்போன்ற கேபிளைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த நூல்தான் நம் ஐந்து வாட்டில் பாதியைத் தின்றுவிடுகிறது. நீளம் ஐந்து மீட்டருக்குள் இருந்தால் ஆர்ஜி-174, அதைத் தாண்டினால் சற்றுத் தடித்த ஆர்ஜி-8எக்ஸ் என்பது என் கணக்கு.

அடுத்தது, முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பிக்குரிய 49:1 மின்மாற்றி. அந்தக் கம்பியின் முனை மின்மறுப்பு சில ஆயிரம் ஓம்கள். மின்மாற்றி அதை 50 ஓம் அளவுக்கு இறக்குகிறது. இரண்டாம் சுற்றின் குறுக்கே 2,400 ஓம் அளவுள்ள கார்பன் மின்தடை ஒன்றை மாட்டி, நானோவிஎன்ஏ என்ற சிறிய ஆன்டெனா அளவியால் 7 முதல் 29 மெகாஹெர்ட்ஸ் வரை பாருங்கள். எல்லா அலைவரிசைகளிலும் எஸ்டபிள்யூஆர் 2:1க்குள் இருந்தால் சுற்றுகள் சரி. உயர் அலைவரிசைகளில் ஏறினால், முதல் சுற்றின் குறுக்கே 100 பைகோஃபாரட் அளவில் உயர் மின்னழுத்தம் தாங்கும் கெப்பாசிட்டரைச் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் இந்தச் சோதனை பொருத்தத்தைச் சொல்லுமே தவிர இழப்பைச் சொல்லாது. இழப்பை அறிய, ஒரே மாதிரி இரண்டு மின்மாற்றிகளைச் சுற்றி, உயர் மின்மறுப்பு முனைகளை ஒன்றோடொன்று இணைத்து, மொத்த இழப்பை அளந்து இரண்டால் வகுக்க வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள், ஆன்டெனாவோடு இணைத்து ஐந்து வாட்டில் ஒரு நிமிடம் அலையை விடாமல் அனுப்பிவிட்டு, அனுப்புவதை நிறுத்திய பிறகு மின்மாற்றியின் ஃபெரைட் வளையத்தைத் தொட்டுப் பார்க்கலாம். ஐந்து வாட்டுக்கே கை உணரும்படி சுட்டால், அந்த வெப்பம் முழுவதும் வானுக்குப் போயிருக்க வேண்டிய திறன்.

கேபிளும் மின்மாற்றியும் நன்றாக இருந்து, ஆன்டெனா பரணில் இருந்தால், தலையை உயர்த்திக் கூரையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தெற்கு மாநிலங்களில் வெயிலைத் தடுப்பதற்காகக் கூரைப் பலகையின் உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டியே கட்டுகிறார்கள். அது வெயிலை மட்டும் தடுப்பதில்லை. என் வீட்டில் இதை அறிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் கம்பியை ஆறு முறை வெட்டி ஒட்டியிருந்தேன். சோதனையோ பத்து நிமிட வேலை. கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ்களில் நாள் முழுவதும் நேரம் சொல்லும் டபிள்யூடபிள்யூவி நிலையத்தை, பேட்டரியில் ஓடும் சிறிய சிற்றலை ரேடியோவில் முதலில் கொல்லைப்புறத்தில் கேளுங்கள். பிறகு அதே ரேடியோவை அதே குச்சி ஆன்டெனாவோடு பரணுக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். வெளியே ‘டிக், டிக்’ என்று தெளிவாகக் கேட்ட விநாடி ஒலி உள்ளே தேய்ந்து போனால், எந்த அளவில் வெட்டினாலும் அந்தப் பரணில் ஆன்டெனா வேலை செய்யாது. கம்பி வெளியே போய்த்தான் ஆக வேண்டும். தாள் இல்லாத பரணாக, தார் ஓடு வேய்ந்த கூரையாக இருந்தால் பரண் ஆன்டெனா நன்றாகவே இயங்கும். தகரக் கூரையென்றால் அதை மறந்துவிடுங்கள். கோடையில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் பரணில் ஏற வேண்டாம். ஏறும்போது மரச்சட்டத்தின் மீதே கால் வைக்க வேண்டும். இடையில் தெரிவது ஜிப்சம் பலகை, அது ஆளைத் தாங்காது.

எல்லாம் சரியாக இருந்தும் 7 மெகாஹெர்ட்ஸில் தொலைவு போகவில்லையென்றால் அது பழுதன்று, உயரம். ஆறு மீட்டர் உயரம் என்பது 7 மெகாஹெர்ட்ஸுக்குரிய 40 மீட்டர் அலைவரிசையில் அலைநீளத்தில் ஏழில் ஒரு பங்குதான். கிளம்பும் அலையில் பெரும்பகுதி நேர் மேலே போய்ச் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கிவிடும். அதே ஆறு மீட்டர், 28 மெகாஹெர்ட்ஸுக்குரிய 10 மீட்டர் அலைவரிசையில் அரை அலைநீளத்துக்கும் மேல். மறைத்துக் கட்டுபவர்களுக்கு 14 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையே வீடு; பகலில் அங்கே இருங்கள்.

ரேடியோவைப் போட்டதும் எஸ்7 இரைச்சல்

ஆன்டெனா வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வீட்டின் அழுக்கு முழுவதும் அதன் காதில் விழுகிறது. கருவியைப் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு, வீட்டின் மெயின் பிரேக்கரை அணையுங்கள். வீட்டாரிடம் முன்பே சொல்லிவிட்டு அணைப்பது நல்லது. இரைச்சல் விழுந்தால் பழுது உங்கள் வீட்டில் இருக்கிறது. பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால் எந்த அறையில் என்பது தெரிந்துவிடும். விழாவிட்டால் பக்கத்து வீடு, அல்லது தெருவின் மின்கம்பம்.

இரைச்சலின் உருவத்தைக் கொண்டே அதன் பிறப்பிடத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அலைவரிசையைப் படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் சம இடைவெளியில், மெல்ல நெளிந்துகொண்டே நிற்கும் கோடுகள் தெரிந்தால் அது ஸ்விட்சிங் வகை மின்வழங்கி: மடிக்கணினி சார்ஜர், எல்இடி விளக்கின் டிரைவர், மீன்தொட்டியின் அடாப்டர் இப்படி ஏதேனும் ஒன்று. சூரியன் உதித்ததும் எழுந்து, மேகம் மறைக்கும்போது குறைந்து, அந்தியில் அடங்கினால் அது யாரோ ஒருவர் கூரையின் சோலார் இன்வெர்ட்டர். 14.030, 21.052 போன்ற குறிப்பிட்ட இடங்களில் அசையாமல் நிற்கும் முனகல், நெட்வொர்க் கேபிளின் கைவரிசை. வறண்ட, காற்றடிக்கும் நாளில் கரகரத்து மழை பெய்ததும் நின்றுவிட்டால் மின்கம்பத்தில் தளர்ந்த இணைப்பு. அதை மின் நிறுவனத்திடம்தான் சொல்ல வேண்டும். கம்பத்தை நீங்கள் தொடவோ தட்டவோ கூடாது.

பலர் செய்யத் தவறும் ஒரு சோதனை உண்டு. கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவை மட்டும் கழற்றிவிட்டு, கேபிளைக் கருவியிலேயே விட்டு வையுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது ஆன்டெனா கேட்டதன்று. கேபிளின் வெளித்தோல் வீட்டுக்குள் ஓடும்போது பொறுக்கிக்கொண்டு வந்தது. மிக்ஸ் 31 வகை ஃபெரைட் வளையத்தில், 2.4 அங்குல அளவில், கேபிளையே பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் கிடைக்கும் சோக், அதாவது வெளித்தோலில் ஓடும் மின்னோட்டத்துக்கான தடை, இதற்கு மருந்து. அதை ஆன்டெனா பக்கத்தில் ஒன்றும், கேபிள் கருவிக்குள் நுழையும் இடத்தில் ஒன்றும் வைத்தபோது என் வீட்டில் இரைச்சல் எஸ்6இலிருந்து எஸ்3க்கு இறங்கியது. ஒரே ஒரு கிளிப் வகை ஃபெரைட்டைக் கேபிளின்மேல் கவ்வவிட்டுப் பலன் இல்லை என்று சொல்பவர்கள், ஒரு சுற்றுக்கும் பத்துச் சுற்றுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்: தாழ் அதிர்வெண்களில் சுற்றின் எண்ணிக்கை இரட்டித்தால் மின்மறுப்பு நான்கு மடங்காகிறது.

பக்கத்து வீட்டுச் சாதனம் என்றால் சட்டம் உங்கள் பக்கம்தான். உரிமம் பெற்ற வானொலிச் சேவைக்கு இடையூறு செய்யும் சாதனத்தை நிறுத்த வேண்டியது அதை இயக்குபவரின் பொறுப்பு என்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்தின் 15ஆம் பகுதி விதிகள் சொல்கின்றன. ஆனால் ஆன்டெனாவை ஒளித்து வைத்திருப்பவர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அப்பால் போவது புத்திசாலித்தனம் அன்று. தீபாவளிப் பலகாரத் தட்டோடு நான் போய், பக்கத்து வீட்டுக்காரரின் கராஜில் இருந்த சார்ஜருக்குப் பதிலாக வேறொன்றை என் செலவிலேயே வாங்கித் தந்தேன். முப்பது டாலரில் ஓர் அலைவரிசை திரும்பக் கிடைத்தது.

கருவியைத் தொட்டால் எஸ்டபிள்யூஆர் மாறுகிறது; மோர்ஸ் கீயர் தானாகப் புள்ளி அடிக்கிறது

கை பட்டதும் மீட்டர் ஆடினால், நீங்களும் ஆன்டெனாவில் ஒரு பகுதியாகிவிட்டீர்கள் என்று பொருள். முனையில் ஊட்டும் கம்பிகளில் இது சாதாரணம். அந்த ஆன்டெனாவுக்கு, மின்னோட்டம் திரும்பும் வழியான எதிர்க்கம்பி தேவையில்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். தேவையில்லை என்பதன் பொருள், அந்த வேலையைக் கேபிளின் வெளித்தோல் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது என்பதே. சோதிக்க, இரண்டு மீட்டர் கூடுதல் கேபிளை இடையில் சேர்த்துப் பாருங்கள். எஸ்டபிள்யூஆர் கணிசமாக மாறினால் வெளித்தோலில் மின்னோட்டம் ஓடுகிறது.

தீர்வு எளிது. மின்மாற்றியின் எர்த் முனையில் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 40 மீட்டர் அலைவரிசைக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர், நீளமுள்ள கம்பி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, மின்மாற்றியை ஒட்டி சோக்கை வையுங்கள். தொங்கும் கம்பி கண்ணில் படும் என்று அஞ்சினால், கம்பியே இல்லாமல், மின்மாற்றியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் கேபிளில் சோக்கை வையுங்கள். அந்த இரண்டு மீட்டர் கேபிளே எதிர்க்கம்பியாகிவிடும். தொல்லை அதற்கு இப்பால் வராது.

மழை பெய்தால் ஒன்று, வெயில் அடித்தால் ஒன்று

ஓட்டின்மேலோ இலைகளினூடேயோ ஓடும் கம்பி ஈரத்தில் சற்று நீண்டுவிட்டதைப் போல நடந்துகொள்ளும். ஒத்ததிர்வு சில பத்து கிலோஹெர்ட்ஸ் கீழே இறங்குவது இயல்பு. கவலைக்குரியது அதைத் தாண்டித் தாவுவதுதான்.

மழைநீர்த் தகரத்தையும் இறங்குகுழாயையும் ஆன்டெனாவாகப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தாவல் அன்றாடம். வெளியே பார்த்தால் ஒரே நீளத் தகரம். உண்மையில் அது பல துண்டுகள், இடையிடையே பசை, பெயின்ட் பூச்சு. ஒவ்வொரு இணைப்பும் ஒருநாள் தொடும், ஒருநாள் தொடாது. ஓம் மீட்டரின் ஒரு முனையைத் தொடக்கத்தில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு துண்டாக நகர்த்தி, திடீரென்று எண் ஏறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே பெயின்டைச் சுரண்டி, இரு துண்டுகளையும் குட்டையான அலுமினியப் பட்டையால் துருப்பிடிக்காத எஃகுத் திருகு கொண்டு இணைக்க வேண்டும். செம்புக் கம்பியை அலுமினியத்தின்மேல் நேரடியாக முறுக்கினால் ஈரத்தில் அரித்து ஓராண்டில் விட்டுவிடும். அரித்த இணைப்பு டயோடைப் போலவும் நடந்துகொள்ளும். உள்ளூர் ஒலிபரப்பு நிலையங்கள், அவை இருக்கக் கூடாத அலைவரிசைகளில் எல்லாம் கேட்கத் தொடங்கினால் அந்த இணைப்பைத் தேடுங்கள். இடி மின்னல் நாட்களில் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அனுப்பும்போது பிரேக்கர் விழுகிறது, அழைப்புமணி அடிக்கிறது

ஐந்து வாட்டுக்கா இது என்று வியக்க வேண்டாம். பரணில் உங்கள் கம்பிக்கு இணையாக அரை மீட்டரில் படுக்கையறையின் மின்கம்பி ஓடினால், அது முழு நிறைவான இரண்டாம் ஆன்டெனா. மின்பொறி கண்டறியும் வகை பிரேக்கர்கள் வானொலி அதிர்வெண் மின்னோட்டத்தைப் பொறியென்று எண்ணி விழுந்துவிடக்கூடும். ஆன்டெனாவை மின்கம்பிக்குக் குறுக்காகத் திருப்புவதும், ஒரு மீட்டராவது விலக்குவதும் முதல் வேலை, சோக் இரண்டாவது, தொல்லைப்படும் சாதனத்தின் கம்பியில் ஃபெரைட் மூன்றாவது. பிரேக்கரை வேறு தயாரிப்புக்கு மாற்றுவதாக இருந்தால் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி கத்தினால் அதைக் கழற்றி வைக்கும் எண்ணமே வரக்கூடாது. அந்த அலைவரிசையில் அனுப்புவதை நிறுத்திவிட்டு ஆன்டெனாவை நகர்த்துங்கள்.

ஆன்டெனா மனிதர்களுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால், கதிர்வீச்சுக்கு ஆட்படும் அளவைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 2021இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, திறன் குறைவு என்ற ஒரே காரணத்தைச் சொல்லி எந்த ஹாம் நிலையமும் இந்தக் கணக்கைத் தட்டிக்கழிக்க முடியாது. ஐந்து வாட்டில் கணக்கு பெரும்பாலும் எளிதாகவே முடிந்துவிடும்; ஆனால் கட்டிலுக்கு மேலே ஓடும் கம்பிக்கும், நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும் வளைய ஆன்டெனாவுக்கும் உட்கார்ந்து கணக்கிடத்தான் வேண்டும்.

வளைய ஆன்டெனா: பொருந்திய இடம் நிலைப்பதில்லை

பால்கனிக்குள் வைக்கும் சிறு வளைய ஆன்டெனாவில் ஒத்ததிர்வு நகர்ந்துகொண்டே இருந்தால், முதலில் ஆள் விலகி நின்று பாருங்கள். பிறகு கைப்பிடிக் கம்பியிலிருந்து அதைத் தள்ளி வைத்துப் பாருங்கள். சற்று நகர்வது அதன் இயல்பு. உண்மையான பழுது வேறு விதமாக வெளிப்படும்: ஒத்ததிர்வு சந்தேகப்படும்படி அகலமாக இருக்கும்.

ஒரு மீட்டர் விட்டத்தில், 22 மில்லிமீட்டர் செம்புக் குழாயால் செய்த வளையத்தின் கதிர்வீச்சு மின்தடை 14 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 0.1 ஓம் மட்டுமே. செம்பின் சொந்த இழப்பு 0.05 ஓம் அளவு. ஆகவே எல்லாம் நன்றாக இருந்தால் திறனில் மூன்றில் இரண்டு பங்கு வெளியேறும். பட்டாணி அளவில் ஒரு மோசமான பற்றாசு இன்னொரு 0.1 ஓமைச் சேர்த்தால் ஐந்தில் இரண்டு பங்காக விழுந்துவிடும். நல்ல வளையத்தின் அலைவரிசை அகலம் இந்த அளவுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்க வேண்டும். நானோவிஎன்ஏ 60 காட்டினால் மகிழாதீர்கள். எங்கோ ஓர் இணைப்பு சூடாகிக்கொண்டிருக்கிறது. கெப்பாசிட்டரின் சுழலும் தட்டுகளுக்குப் போகும் உரசும் தொடுமுனையை முதலில் பாருங்கள். பார்க்கும் முன் கருவியை அணைத்துவிடுங்கள். ஐந்து வாட்டிலேயே அங்கே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது

இதையும் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டு, படிப்படியாக அணுகுவது நல்லது. முதலில் எந்தச் சட்டம் உதவும், எது உதவாது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 1985இல் ஆணையம் வெளியிட்ட பிஆர்பி-1 தீர்ப்பு, ஹாம் ஆன்டெனாக்களுக்கு நியாயமான இடம் தர வேண்டும் என்று மாநில, உள்ளாட்சி அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது. தனியார் பத்திர நிபந்தனைகளை அது தொடவில்லை. டிஷ் ஆன்டெனாவைச் சங்கங்கள் தடுக்கக் கூடாது என்று 1996இல் வந்த விதி, ஒரு மீட்டருக்குட்பட்ட டிஷ்ஷுக்கும் தொலைக்காட்சி ஆன்டெனாவுக்கும் உரியது. ஹாமுக்கு அதில் இடமில்லை. இந்தக் குறையைத் தீர்க்க வந்த மசோதா 2016இலும் 2017இலும் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. ஆகவே கடிதத்துக்குச் சட்டப் பிரிவுகளை மேற்கோள் காட்டிப் பதில் எழுதுவது பெரும்பாலும் வீண். 2005இன் கொடிச் சட்டம் மட்டும் சற்றுச் சுற்றுவழியாக உதவும்: அமெரிக்கக் கொடியை ஏற்றுவதைச் சங்கம் தடுக்க முடியாது. ஆகவே கொடிக்கம்பத்துக்கு அனுமதி பெற்றவர்கள், புல்லுக்கடியில், கம்பத்தைச் சுற்றி விரியும் ரேடியல் கம்பிகளைப் புதைத்து அதையே செங்குத்து ஆன்டெனாவாக ஆக்கிக்கொள்கிறார்கள். கம்பத்தின் உயரத்தையும் இடத்தையும் வரையறுக்க சங்கத்துக்கு உரிமை உண்டு என்பதால், விதியை முழுவதும் படித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

அடுத்து, கடிதம் எதைப் பற்றியது என்று நிதானமாகப் படியுங்கள். கம்பியைக் கழற்றிவிட்டு, அந்தி சாய்ந்ததும் கட்டி விடியுமுன் அவிழ்க்கும் தற்காலிகக் கம்பியாக மாற்றிக்கொள்வதே பலருக்குப் போதுமானதாக இருக்கும். வார இறுதிகளில் பூங்காவுக்கு எடுத்துப் போவது இன்னும் எளிது. எழுத்தில் பொய் சொல்ல வேண்டாம். இல்லை என்று எழுதிவிட்டுப் பிறகு பிடிபட்டால் அடுத்த வழி அடைபட்டுவிடும்.

எனக்கு வந்த கடிதம் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் மறுபடி படித்தபோதுதான், அதில் ஆன்டெனா என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனித்தேன். ‘ஓக் மரத்தில் தொங்கும் வெள்ளைப் பொருளை’ அகற்றுமாறு கேட்டிருந்தார்கள். நடைபாதையில் நின்று நானே பார்த்தேன், 0.4 மில்லிமீட்டர் கறுப்புக் கம்பி கண்ணுக்குத் தெரியவே இல்லை. அதன் நுனியில் கட்டியிருந்த முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேட்டர் மட்டும் மாலை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, தூண்டில் நரம்பையே கம்பியின் நுனியில் முடிச்சிட்டுக் கட்டினேன். அதுவும் நல்ல மின்காப்பானே. பொருளை அகற்றிவிட்டதாக அன்றே பதில் எழுதி அனுப்பினேன்.